முதலில் கரண்டை எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பத்து இருபது பேர் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரே ஹாலில் கேபிளால் இணைத்து, விடிய விடிய விளையாடுவார்களே, அந்த லான் பார்ட்டிக்குத் திட்டமும் பட்ஜெட்டும் போடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். 1993இல் டூம் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்தபோது நெட்வொர்க்கில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம் என்பதே அதிசயம். இன்று இன்டர்நெட்டில் யாரோடும் ஆடலாம். ஆனாலும் பக்கத்து நாற்காலிக்காரனைச் சுட்டுவிட்டு உடனே திரும்பி அவன் முகத்தைப் பார்க்கிற சுகம் அதில் வராது.

நடத்தப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது ஹாலில் எத்தனை நாற்காலி போடலாம் என்று. நான் கேட்பது வேறு. அந்த ஹாலின் கரண்ட் எத்தனை பேரைத் தாங்கும்?

கணக்கு எளிது, மனதிலேயே போடலாம். 230 வோல்ட், 16 ஆம்பியர் லைன் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 3680 வாட். மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓடுகிற சுமை என்பதால் அதில் 80 சதவீதத்தோடு நின்றுவிடுவது நல்லது, 2900 சொச்சம். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து, ஆட்டம் சூடு பிடித்தால், 500 வாட் இழுக்கலாம். ஆக ஒரு லைனுக்கு ஐந்து பேர். சுவரில் பத்து பிளக் பாயின்ட் இருக்கிறதே என்பீர்கள். பத்தும் ஒரே எம்.சி.பி.யிலிருந்து, அதாவது சுமை மீறினால் தானாக அணைந்துவிடும் ஒரே பாதுகாப்பு ஸ்விட்சிலிருந்து வந்தால், பத்துக்கும் சேர்த்துத்தான் ஐந்து பேர்.

இந்த இடத்தில் ஒரு கெட்டில் கதை சொல்லியாக வேண்டும். என் நண்பர் ஒருவர் கணக்கில் புலி. எந்த மேசை எந்த லைன் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். நள்ளிரவு தாண்டி இறுதி ஆட்டம். ஒரு பையன் ஜெயிக்கிற நிலைமை. அவனுக்குத் துணையாக வந்த அண்ணன், விளையாட்டில் ஒரு அக்கறையும் இல்லாதவர், மூலையில் கெட்டிலைச் செருகி வெந்நீர் போட்டார். கெட்டில் ஒன்றே 2000 வாட், அதாவது நான்கு கம்ப்யூட்டர். டக்கென்று ஒரு வரிசை முழுக்க இருட்டு. அதில் அந்தத் தம்பியின் மானிட்டரும் ஒன்று. அண்ணனோ இருட்டில் நின்றுகொண்டு, "என்ன, இங்கேயும் கரண்ட் கட்டா?" என்றார். அந்த ஆட்டம் செல்லுமா செல்லாதா என்று அந்தக் கூட்டத்தில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. கெட்டிலுக்குத் தனி லைன். மறுபடியும் சொல்கிறேன், கெட்டிலுக்குத் தனி லைன்.

சரி, இழுத்த கரண்டெல்லாம் எங்கே போகிறது? வெப்பமாக ஹாலுக்குள்ளேயே நிற்கிறது. 20 கம்ப்யூட்டர் என்றால் 10 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது ஏறக்குறைய 3.5 கிலோவாட். மூன்று டன் இதற்கே போய்விடும், ஆட்களின் உடம்புச் சூடு தனி. அந்த ஏசியும் கரண்டில்தான் ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

இப்போது பணம். லைன் எத்தனை என்று தெரிந்ததும் ஆட்கள் எத்தனை என்று தெரியும்; அப்புறம்தான் தலைக்கு எவ்வளவு என்று பேச முடியும். ஹால் வாடகை, எலக்ட்ரீஷியன் கூலி, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், கேபிள் இவையெல்லாம் பன்னிரண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் அதே செலவு. சாப்பாடு மட்டும்தான் தலைக்கணக்கு. அதனால் மாறாத செலவை "வர்றேன், வர்றேன்" என்றவர்களால் வகுக்காதீர்கள், முன்பணம் கொடுத்தவர்களால் வகுங்கள். ஸ்விட்சை இரவல் வாங்கலாம், மேசையை இரவல் வாங்கலாம். எலக்ட்ரீஷியன் கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்டர்நெட்டுக்குக் கொட்டிக் கொடுக்கவும் தேவையில்லை. ஆடுவதற்குக் கொஞ்சம் போதும், அப்டேட்தான் விழுங்கும். 100 ஜிபி விளையாட்டை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதைப்போலப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் கேபிளில் பக்கத்து மெஷினிலிருந்து எடுத்தால் கால் மணி நேரம் சொச்சம். விளையாட்டுகளை வாங்கி இறக்குகிற ஸ்டீம் தளத்தில் 2023 முதல் இந்த வசதி இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சாப்பாடு, தூக்கம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் மட்டும்; கையில் எண்ணெய் ஒட்டாத தீனி; படுக்க ஒரு தனி அறை; விடிந்ததும் யாரும் உடனே வண்டி ஓட்டக் கூடாது, தூங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வணக்கம்.