கேட்டிலிருந்து தலைவாசல் வரை: முன்நடைபாதை அமைக்கும் முறை

[காட்சி: புதிதாகக் கட்டிய வீட்டின் முன்புறம், கேட் முதல் தலைவாசல் வரை]

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர், தரைக்கும் பெயின்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு, மிஞ்சிய பணத்திலும் மிஞ்சிய கல்லிலும் முன்நடைபாதையை முடித்துக்கொள்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற நம் பகுதியில், அப்படிப் போட்ட பாதையின் குறை விரைவிலேயே வெளியே தெரிந்துவிடும். எனவே, எந்தக் கல் என்று கேட்பதற்கு முன்னால், விழுகிற மழைநீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்.

இருவர் சேர்ந்து நடக்க 4 அடி அகலம் வேண்டும்; 3 அடிக்குக் கீழே குறைக்க வேண்டாம். 4 அடி அகலப் பாதைக்குச் செடிகள் இருக்கும் பக்கமாக ஏறத்தாழ 1 அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால் போதும். நடப்பவருக்கு அது தெரியாது, தண்ணீரும் நிற்காது. வீட்டுச் சுவரை நோக்கி மட்டும் வாட்டம் அமையவே கூடாது.

[காட்சி: மண் தோண்டுதல், ஜல்லி பரப்புதல், நூல் கட்டுதல்]

மேல்மண்ணை 7 முதல் 8 அங்குலம் வரை தோண்டி எடுத்துவிட்டு, அடியில் 4 அங்குலம் ஜல்லியைத் தண்ணீர் தெளித்து இரண்டு அடுக்காகத் திமிசு (இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்கி, அதன்மேல் 1 அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பிய பிறகே கல் பதிக்க வேண்டும். உங்கள் மனை கரிசல் மண்ணாக இருந்தால், அது மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும் என்பதால், இன்னும் ஆழமாகத் தோண்டிக் கிராவல் நிரப்புவது நல்லது. இரு ஓரங்களிலும் விளிம்புக்கல்லைச் சிமெண்டில் பதிக்காவிட்டால், உள்ளே இருக்கும் கற்கள் மெல்ல விலகிவிடும்.

கிரானைட்டுக்குப் பெயர் பெற்ற ஊரில் இருக்கிறோம். கல் அறுக்கும் பட்டறைகளில் ஓரத்துண்டுகளும் கிடைக்கும். ஆனால் சமையலறை மேடைக்குப் போடுகிற பாலிஷ் கல்லை வாசலில் போடாதீர்கள். மழையில் நனைந்தால் பெரியவர்களுக்கு அது உண்மையான ஆபத்து. நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கல், அல்லது உளியால் கொத்திய கல் கேளுங்கள். கறுப்புக் கல் சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாதபடி சூடேறும். வெளிர் சாம்பல் நிறம் மேல். முக்கால் அங்குலப் பலகைக் கல் மணல்மேல் உடைந்துவிடும் என்பதால், அதற்கு அடியில் காங்கிரீட் அவசியம். மணலில் பதிக்க 2 அங்குலக் கனமாவது இருக்க வேண்டும்.

[காட்சி: பதித்த கல்லின்மேல் மேஸ்திரி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்]

கவனித்துப் பாருங்கள். தண்ணீர் மெல்லிய தகடு போலப் பரவி, வலது ஓரத்தில் கோடாக இறங்குகிறது. அந்த மூன்றாவது கல்லில் மட்டும் உள்ளங்கை அளவு தேங்கி நிற்கிறது. அந்தக் கல்லை இப்போதே பெயர்த்து, அடியில் ஒரு கை மணல் சேர்த்து மறுபடி தட்டி உட்கார வைக்கிறார். மட்டம் பார்க்கும் ரசமட்டக் கருவியில் தப்புகிற குறையும் இதில் தெரிந்துவிடும். கூலியைக் கணக்கு முடிப்பதற்கு முன்னால், இந்தச் சோதனையை உங்கள் முன்னிலையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

செடிகளைப் பாதை ஓரத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி நடுங்கள். குட்டை இட்லிப்பூ, நந்தியாவட்டை இரண்டும் நம் வெயிலைத் தாங்கும். வெட்டினால் அடக்கமாக நிற்கும். அரளி அழகுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டில் வேண்டாம். காகிதப்பூவின் முள் சேலையையும் வேட்டியையும் இழுக்கும். அதைக் காம்பவுண்டுச் சுவரோடு நிறுத்துங்கள். செம்மண்ணை வெறுமையாக விட்டால் மழையில் தெறித்துக் கல்லையும் சுவரையும் கறையாக்கும். செடிகளின் அடியில் தேங்காய் மட்டையோ கூழாங்கல்லோ பரப்புங்கள்.

தலைவாசல் படி 6 அங்குல உயரத்தைத் தாண்ட வேண்டாம். சக்கர நாற்காலி வர வேண்டிய வீடென்றால், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளத்துக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். படிக்கு முன்னால் கோலமிட 5 அடிச் சதுரத்தைச் செடியோ தொட்டியோ இல்லாமல் விடுங்கள்; அந்த இடத்துக் கல் மட்டும் சற்று மழமழப்பாக இருந்தால் மாவு சீராக விழும், ஆனால் அங்கும் பாலிஷ் வேண்டாம்.