கிட்டார் கட்சியும் சின்தசைசர் கட்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளின் பாப், ராக் இசை பற்றிப் பேச நிலையத்தார் அழைத்தபோது, "உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டைச் சொன்னாலே போதும் சார்" என்றார்கள். பத்துப் பாட்டைச் சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று ரேடியோவைப் பார்த்து முறைப்பார். எனக்கு என் பட்டியலைவிட அந்த முறைப்பின்மேல்தான் ஆர்வம். ஐம்பதைத் தாண்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இந்தப் பத்து வருஷத்துப் பாட்டு என்று வந்துவிட்டால் கல்லூரி விடுதியில் உட்கார்ந்திருப்பதுபோலச் சண்டை போடுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இந்த இசையில்?

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். அதனால் எனக்குப் பாட்டின் வரிகளுக்கு முன்னால் ஓசைதான் காதில் விழும். அந்தக் கோணத்திலிருந்துதான் பேச முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டையின் தொடக்கம் எண்பதுகளுக்குக் கொஞ்சம் முன்னால், அதுவும் ஒரு ரேடியோக்காரரால். சிகாகோவில் ஸ்டீவ் டால் என்று ஒரு அறிவிப்பாளர். அவர் வேலை பார்த்த நிலையம், இனி முழுக்க டிஸ்கோதான் என்று மாறியபோது அவருக்கு வேலை போயிற்று. வேறொரு ராக் நிலையத்தில் சேர்ந்தவர், டிஸ்கோவைத் தாளித்து எடுப்பதையே நிகழ்ச்சியாக்கிக்கொண்டார். 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டோடு வந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

அன்றைக்கு அங்கே பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் இருந்தார். வந்து குவிந்ததில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் நிறைய இருந்தன என்று பிற்பாடு அவர் சொன்னார். 'எனக்கு டிஸ்கோ பிடிக்காது' என்பது சிலருக்கு உண்மையிலேயே ரசனை. சிலருக்கு அந்த இசைக்கு ஆடுகிறவர்களைப் பிடிக்காது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு லேசில்லை. அதே லாரன்ஸ் சில வருஷத்தில், அதே சிகாகோவில், ட்ரம் இயந்திரங்களை வைத்து ஹவுஸ் என்ற நடன இசையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். வெடி வைத்த ஊரிலேயே அந்த இசை வேறு உருவில் முளைத்ததை ஸ்டீவ் டால் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

1981 ஆகஸ்ட் 1 அன்று, பாட்டுக் காணொளிகளை ஒளிபரப்பும் எம்டிவி வந்தது. முதலில் அது பெரும்பாலும் வெள்ளையர் ராக் தொலைக்காட்சிதான். 1983இல் பிரிட்டன் பாடகர் டேவிட் போவி அந்தத் தொலைக்காட்சிக்கே கொடுத்த பேட்டியில், கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று அறிவிப்பாளரிடமே திருப்பிக் கேட்டார். அதே வருஷம் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அந்தக் கதவைத் திறந்தது. 'த்ரில்லர்' இசைத்தொகுப்பை நான் ரசிப்பதற்கு முதல் காரணம் ஆட்டமும் பாட்டும் அல்ல, அதிலுள்ள சாமர்த்தியம். ராக் ரசிகர்களையும் இழுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸுக்கு ஆசை. அதற்காக ஹார்ட் ராக் குழுவின் கிட்டார் வித்தகர் எடி வான் ஹேலனை அழைத்து, 'பீட் இட்' பாட்டில் வாசிக்கச் சொன்னார். அவர் காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கிட்டார் கட்சிக்காரர்கள் இன்றுவரை அந்த வாசிப்புக்காக மட்டும் மைக்கேல் ஜாக்சனை மன்னிப்பார்கள்.

கட்சி என்று சொல்லிவிட்டேன். எண்பதுகளின் பெரிய பிளவு அதுதான்: கையால் வாசிப்பதா, இயந்திரத்தை வாசிக்க விடுவதா?

சின்தசைசர் என்பது மின்னணு முறையில் ஓசைகளை உண்டாக்கும் கருவி. எழுபதுகளில் குயின் என்ற ராக் குழு தன் இசைத்தட்டு உறையில் 'சின்தசைசர் கிடையாது' என்று பெருமையாகவே அச்சடித்துக்கொண்டது. 1982இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளையொன்று, சின்தசைசரையும் ட்ரம் இயந்திரத்தையும் தடைசெய்யக் கோரித் தீர்மானமே போட்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வயலின் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர், ஒரு பொத்தானை அழுத்தினால் இருபது வயலின் கேட்பதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வருமா? அடுத்த வருஷம் யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைசர் வந்தது. அதில் ஏற்கெனவே அமைத்துத் தந்திருந்த ஒரு மின்பியானோ ஓசை இருக்கிறதே, எண்பதுகளின் பாதிக் காதல் பாட்டுகளில் அதே ஓசைதான். கண்ணாடி மணியைப் பஞ்சால் தட்டியதுபோல இருக்கும். ஒன்று இரண்டு பாட்டில் அழகு. ஐம்பதாவது பாட்டில் எனக்கு அலுத்துவிட்டது. அதைக் கேட்டாலே முதல் காதல் நினைவுக்கு வந்து உருகுகிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

ஆனால் ஓர் ஓசையைப் பற்றி வாதாடியே தீர்வேன். எண்பதுகளின் ட்ரம்.

1979இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது இசைத்தொகுப்புக்கு வேலை நடந்தது. ட்ரம்மில் ஃபில் காலின்ஸ், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹியூ பேட்ஜம். சிம்பல் என்கிற வெண்கலத் தட்டுகளைத் தொடவே கூடாது என்பது கேப்ரியலின் உத்தரவு. கூடத்தின் கூரையில் ஒரு மைக் தொங்கும். பதிவுக்கான மைக் அல்ல அது. வாசிக்கிறவர் பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற பொறியாளருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வைத்தது. மூலையில் நின்று முணுமுணுத்தாலும் கேட்கும்படி, சின்ன ஓசையை உயர்த்தி, பெரிய ஓசையை நசுக்கித் தரும் கம்ப்ரஸர் அதில் கடுமையாக வேலை செய்யும். காலின்ஸ் ட்ரம்மை அடிக்கும்போது அந்த மைக் திறந்திருந்தது. கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். அறையே இடிந்து விழுவதுபோல ஓசை.

சிக்கல் என்னவென்றால், அந்த மைக்கைப் பதிவுசெய்ய வழியில்லை. பேட்ஜம் மேசையின் வயரிங்கை மாற்றச் சொல்லி அதைப் பதிவுக்குக் கொண்டுவந்தார். கூடவே 'கேட்' என்ற கருவியையும் சேர்த்தார். ஓசை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படாரென்று கதவை அடைத்துவிடும் கருவி அது. கோயில் மண்டபத்தில் தவிலை ஒரு தட்டுத் தட்டினால் முழக்கம் சுவரெல்லாம் ஓடித் தேய்ந்து மெல்ல அடங்கும். இதிலோ முழக்கம் பெரிதாக எழும், பாதியிலேயே கத்தரித்தாற்போல் நின்றுவிடும். இயற்கையில் எந்த அறையிலும் கேட்க முடியாத ஓசை. 1981இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' வந்தது. பாட்டு பாதிக்கு மேல் ஒரு சின்ன ட்ரம் இயந்திரத்தின் டிக் டிக்கோடு பதுங்கிப் பதுங்கி நகரும். மூன்றரை நிமிஷம் தாண்டி அந்த ட்ரம் வந்து விழும்போது, கவனிக்காமல் இருந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். காத்திருக்க வைத்ததால்தான் அதற்கு அத்தனை பலம்.

பிறகு நடந்தது அநியாயம். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காதல் பாட்டா, அந்த ட்ரம். சோகப் பாட்டா, அந்த ட்ரம். தாலாட்டு பாடியிருந்தால் அதற்கும் போட்டிருப்பார்கள். எண்பதுகளின் பிற்பகுதிப் பாட்டுகளை இன்றைய பிள்ளைகள் 'பழைய சத்தம்' என்று ஒதுக்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எண்பதுகளே இல்லை என்பார்கள். அதுவும் சரிதான்.

பிரிட்டனில் இந்தப் பிளவுக்குப் பத்திரிகைகளும் எண்ணெய் ஊற்றின. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' படிக்கிறவன் தன்னைச் சிந்தனையாளனாக நினைத்துக்கொள்வான். மான்செஸ்டரின் ஸ்மித்ஸ் குழுவைக் கேட்பான், ஜானி மாரின் கிட்டாரைப் பற்றி இரவெல்லாம் பேசுவான். 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாட்டு வரிகளையும் வண்ணப் படங்களையும் போட்டு, பாப் நட்சத்திரங்களைக் கிண்டலும் செய்யும். அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பார்கள். ஆனால் அந்த ஸ்மாஷ் ஹிட்ஸில் உதவி ஆசிரியராக இருந்த நீல் டென்னன்ட்தான் பிறகு பெட் ஷாப் பாய்ஸ் குழுவின் பாடகர். அந்தப் பத்து வருஷத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான பாட்டு வரிகள் சிலவற்றை எழுதியவர் அவர். சிந்தனை எந்தப் பத்திரிகையில் இருந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நல்லவேளை, பிபிசி ரேடியோ ஒன்றில் ஜான் பீல் என்ற மனிதர் இருந்தார். இரவு நேரத்தில் பங்க், ரெக்கே, யாரும் கேள்விப்படாத குழுவின் முதல் தட்டு என்று எதையும் போடுவார். சில சமயம் தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு, பிறகு அதற்கும் ஏதாவது சொல்வார்.

எங்கள் வீட்டில் ஜான் பீல் கிடையாது. அக்காவும் நானும்தான். காலிக் கேசட்டையும் பட்டியலையும் கொடுத்தால் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைகள் அப்போது உண்டு. கேசட் ஒன்று, ரசனை இரண்டு. ஒரு பக்கம் அவளுக்கு, மறுபக்கம் எனக்கு என்று ஒப்பந்தம். அவள் பக்கத்தில் டுரான் டுரான். என் பக்கத்தில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ். அந்தக் குழுவின் மார்க் நாஃப்ளர், தந்தியை மீட்டும் பிளெக்ட்ரம் என்ற சின்னத் தகடு இல்லாமல் வெறும் விரலாலேயே கிட்டாரை மீட்டுகிறவர். அதுதான் உழைப்பு, டுரான் டுரான் வெறும் தலைமுடி என்பது என் வாதம். "உன் ஆள் பாடுகிறாரா, பேசுகிறாரா?" என்பாள். கடைக்காரர் பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டைப் பாதியில் வெட்டியிருப்பார், அது எப்போதும் என் பாட்டாகவே இருக்கும்.

டுரான் டுரானின் 'சேவ் எ ப்ரேயர்', 'ஹங்ரி லைக் தி உல்ஃப்' இரண்டின் காணொளிகளும் 1982இல் இலங்கையில் எடுத்தவை. முதலாவதில் சிகிரியாவும் பொலன்னறுவையும் வரும். அழகாகவே இருக்கும், ஆனால் பர்மிங்காம் பையன்களின் விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு நம் பக்கத்து நாடு திரைச்சீலை ஆனதுபோல எனக்கு ஓர் உறுத்தல். அக்கா அதைப் பொறாமை என்பாள். அவர்களுடைய பேஸ் கிட்டார்காரர் ஜான் டெய்லரின் வாசிப்பில் டிஸ்கோவின் சாறு முழுக்க இருக்கிறது என்பதை மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு கவனித்தேன். சிகாகோவில் வெடி வைத்தது எதுவோ, அதுதான் இங்கே ஸ்டைலாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரே பாட்டையே இருவர் எதிரும் புதிருமாகக் கேட்ட கதையும் உண்டு. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூ ஜெர்சி வீட்டில், நான்கு தடம் மட்டும் உள்ள ஒரு கேசட் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிந்ததுதான் 'நெப்ராஸ்கா'. குழுவோடு மறுபடி பதிந்து பார்த்தார், அந்த உயிர் வரவில்லை. கேசட்டையே தட்டாக வெளியிட்டார். அந்த நாட்களிலேயே அவர் பாடிப் பார்த்த இன்னொன்று, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைகிறவனின் பாட்டு. 1984இல் அதே பாட்டு 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' என்று பெரிய சின்தசைசர் முழக்கத்தோடும் பேரிடி ட்ரம்மோடும் வந்தது. ஜனங்கள் முஷ்டியை உயர்த்தித் தேசபக்திப் பாட்டாகப் பாடினார்கள். அந்தச் செப்டம்பரில் தேர்தல் பிரசாரத்துக்கு நியூ ஜெர்சி வந்த அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கையின் செய்தி இருப்பதாகப் பாராட்டினார். சில நாளில் ஸ்பிரிங்ஸ்டீன் மேடையிலேயே, அதிபர் நெப்ராஸ்காவைக் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது என்ற தொனியில் பதில் சொன்னார். வரியைக் கேட்டவர்களுக்கு ஒரு பாட்டு, ஓசையைக் கேட்டவர்களுக்கு வேறு பாட்டு. என்னைக் கேட்டால், அந்த முழக்கத்தை வைத்தவரும் அவர்தான். ஜனங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

இப்போது இன்னொரு வேடிக்கை. பிரிட்டன் பாடகி கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அது வந்ததும், 37 வருஷம் கழித்து முதலிடம். அதைக் கேட்ட பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கள் கட்சிப் பிரிவினை எதுவும் தெரியாது. ட்ரம் இயந்திரமா, ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியா, மனிதக் கையா என்ற கேள்வியே அதற்கு எழவில்லை. எங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஒரு பாட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்லுமுன், யார் யார் அதைக் கேட்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தோம்.

உரையின் முடிவில் ஒரு பாட்டுப் போடலாம் என்று நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்திருப்பது யெஸ் குழுவின் 1983ஆம் வருஷப் பாட்டு, 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்'. எழுபதுகளில் இருபது நிமிஷப் பாட்டுகளுக்குப் பேர்போன கிட்டார் கட்சிக் குழு அது. தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன். எம்டிவி முதன்முதலில் ஒளிபரப்பிய காணொளியில் பாடிய, பகிள்ஸ் குழுவின் அதே ஆள். 1980இல் அவர் கொஞ்ச நாள் யெஸ்ஸின் பாடகராகவே இருந்து, பழைய ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். முரட்டுக் கிட்டாரில் பாட்டு தொடங்கும். நடுநடுவே வெட்டி ஒட்டிய வாத்தியக் குழு ஓசைகள் பளீர் பளீரென்று வந்து போகும். இந்தக் குழுவின் பாட்டுகளில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது இது ஒன்றுதான். பழைய யெஸ் ரசிகர்கள் இதை யெஸ் பாட்டாகவே ஒப்புக்கொள்வதில்லை. அக்காவுக்குப் பிடிக்கும், ஆனால் கிட்டார் கொஞ்சம் அதிகம் என்பாள்.

முடிந்தால் ஹெட்ஃபோனில் கேளுங்கள். வணக்கம்.