சதர்னும் மேற்கோள் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

விரிவுரையாளர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது "அவருடைய எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. உங்களுடைய 20 கட்டுரைகளை மற்றவர்கள் தலா 20 தடவையாவது மேற்கோள் காட்டியிருந்தால், உங்கள் எண் 20. பதவி உயர்வுக்கே இதைப் பார்க்கிற இடங்கள் உண்டு. மரபியலில் இந்தக் கணக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பார்க்க எட்வின் சதர்னை எடுத்துக்கொள்கிறேன்.

1938இல் இங்கிலாந்தின் பேர்ன்லியில் பிறந்தவர். எழுபதுகளில் எடின்பரோவில் ஆய்வாளர். மனித டி.என்.ஏ.யை நொதியத்தால் வெட்டினால் இலட்சக்கணக்கில் துண்டுகள் வரும். அவற்றை அகரோஸ் ஜெலியில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் நீளப்படி பிரிந்து ஓடும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒரே தீற்றல்தான். தேடுகிற பரம்பரையலகு (ஜீன்) அதற்குள் எங்கே கிடக்கிறது?

சதர்ன் செய்தது இதுதான். ஜெலியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, டி.என்.ஏ.யின் இரட்டை இழையைப் பிரித்தார். ஜெலியின் மேல் ஒரு நைத்திரோசெலுலோசுத் தாள், அதன் மேல் துடைதாள் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாரம். அடியில் உப்புக் கரைசல். எங்கள் தலைமுறை பேனை மையை ஒற்றுத்தாளால் ஒற்றியதுபோலத்தான். துடைதாள் கரைசலை இழுக்க, அது ஜெலியூடாக ஏறி, டி.என்.ஏ. துண்டுகளை நின்ற ஒழுங்கு குலையாமல் கொண்டுபோய்த் தாளில் சேர்க்கும். இரவு வைத்துவிட்டுப் போனால் காலையில் எடுக்கலாம். பிறகு, தேடுகிற பரம்பரையலகுக்குச் சோடியான, கதிர்த்தொழிற்பாடுள்ள ஓர் இழையை அந்தத் தாளின் மேல் விட்டால், அது தன் சோடியைத் தேடி ஒட்டும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கறுப்புக் கோடு விழும். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை.

கட்டுரை 1975இல் வந்தது. அச்சேற முன்பே செய்முறை கைமாறிப் பரவிவிட்டது. அவர் பெயராலேயே அதைச் 'சதர்ன் ஒற்று' என்கிறார்கள். 1978இல் கான், டோசி என்ற ஆய்வாளர்கள் இதை வைத்து, பிறக்காத குழந்தைக்கு அரிவாட்கலச் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் உண்டா என்று அறிய வழி கண்டார்கள். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஜெஃப்ரிஸ் என்ற ஆய்வாளர் கண்ட, ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. ரேகையும் இந்தத் தாளில்தான் விழுந்தது. ஆங்கிலத்தில் 'சதர்ன்' என்றால் தெற்கு என்பதால், ஆர்.என்.ஏ.க்கு இதே வித்தையைச் செய்தவர்கள் பகிடியாக 'நோர்தேர்ன்' (வடக்கு) என்றார்கள். புரதத்துக்கு 'வெஸ்டேர்ன்' (மேற்கு) வந்தது. மாணவர் பலருக்கு சதர்ன் ஓர் ஆள் என்றே தெரியாது, திசை என்றுதான் நினைப்பு.

அந்தக் கட்டுரைக்குப் பல்லாயிரம் மேற்கோள்கள். ஆனால் உலகில் ஆகக்கூடுதலாக மேற்கோள் காட்டப்பட்டது, புரதத்தின் அளவைக் கணிக்க 1951இல் லோரி எழுதிய செய்முறை: 300,000க்கு மேல். டி.என்.ஏ.யின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் இருவரின் 1953 கட்டுரை முதல் நூறுக்குள்ளும் இல்லை! செய்முறையைப் பயன்படுத்துகிறவர் பெயரைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட உண்மைக்கு யார் மேற்கோள் தேடுகிறார்? சதர்னுக்கும் பின்னாளில் அதுவே நடந்தது. முறையின் பெயரை எழுதுவார்கள், கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை.

துறையின் அளவும் இருக்கிறது. புற்றுநோய்ப் பரம்பரையலகைப் பற்றி எழுதினால் அதை வாசிக்க உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் சின்ன வெங்காய நோயைப் பற்றி எழுதுகிறவரை மேற்கோள் காட்ட எத்தனை பேர் இருப்பார்கள்? இருவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்பேன். நேர்முகப் பரீட்சை வைக்கிறவர்கள் இரண்டு கட்டுரைகளையாவது திறந்து வாசித்தால் நல்லது. அது நேரம் பிடிக்கிற வேலை என்பதால்தான் எண் வசதியாக இருக்கிறது.

சதர்ன் 1985இல் ஒக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். கண்ணாடித் தட்டில் டி.என்.ஏ. வரிசைகளை அடுக்கும் நுட்பத்தில் உழைத்து, 1995இல் கம்பனி தொடங்கினார். 2003இல் சேர் பட்டம், 2005இல் ஜெஃப்ரிசோடு சேர்த்து, மருத்துவ ஆய்வுக்கான அமெரிக்காவின் லாஸ்கர் விருது. காப்புரிமையால் வந்த வருமானத்தின் துணையோடு 2000இல் கேர்க்ஹவுஸ் என்ற அறக்கட்டளையை நிறுவினார். ஏழை நாட்டு விவசாயிகளின் பருப்பு, பயறுப் பயிர்களை மேம்படுத்துவது அதன் வேலை. மேற்காபிரிக்காவில் கௌபி என்ற பயறுச் செடியின் வேரில் ஒட்டி அதை உறிஞ்சும் ஸ்ட்ரைகா என்ற களை உண்டு. அதற்கு ஈடுகொடுக்கும் கௌபியை உருவாக்க அங்குள்ள ஆய்வாளர்களுக்கு அறக்கட்டளை உதவுகிறது. இலைத் துண்டில் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்த்தே கன்றைத் தெரிவுசெய்யலாம். வயலில் களை முளைத்து எது தப்புகிறது என்று காத்திருக்கத் தேவையில்லை.

நன்றி, வணக்கம்.