கச்சான் காலத்துப் பறவைகள்

எல்லோருக்கும் வணக்கம்.

"பறவை பார்க்கணுமா, மார்கழி தையில வாங்க" என்றுதான் நாம் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறோம். சொல்வதில் தப்பில்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் காலம் அது. பங்குனி கழிந்தால் கண்மாய் வற்றும், பறவைகள் கிளம்பும், நம் பைனாகுலரும் பீரோவுக்குள் போய்விடும். அதை மறுபடி வெளியே எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வாருங்கள் என்று கூப்பிடத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். மே முதல் ஆகஸ்ட் வரை நம் கரையில் கண்ணில் படும் பல பறவைகளை 'அரியவை' என்று குறித்து வைக்கிறோம். அந்த வெயிலிலும் காற்றிலும் போய் நின்று பார்க்க ஆள் இல்லாததால்தான் அவற்றில் பல அரியவையாக இருக்கின்றன என்பது என் கட்சி.

காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாடை அடித்தால் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் தெற்கே மன்னார் வளைகுடா பொங்கும். ராமேசுவரத்தில் தெற்கே உள்ளதை ஆண் கடல் என்றும் வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்றும் சொல்வது உங்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் தனுஷ்கோடி மணலில் நின்று பாருங்கள். தெற்கே அலை மண்ணை அள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் நடந்து வடக்கே போனால் தண்ணீர் குளம் போலக் கிடக்கும். ஆழ்கடலிலேயே காலம் கழிக்கும் பறவைகள் காற்றில் ஒதுங்கிக் கரைக்குத் தெரிகிற தூரத்துக்கு வருவது இந்த மாதங்களில்தான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஃபிரிகேட் பறவை பறந்து பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது புத்தகம் இல்லை, கரைவலை இழுக்கிற ஒரு அண்ணன். "ஆலா வாயில இருக்கிற மீனைப் புடுங்கித் திங்கிற கருப்புப் பறவை ஒண்ணு இருக்கு தம்பி, கச்சான் நல்லா அடிச்சா வரும்" என்றார். ஆலா என்றால் மீன் பிடித்துத் தின்னும் கடற்பறவை (tern). அவர் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர், எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு என்பதுதான் சிறிய ஃபிரிகேட் பறவையின் கணக்கு. நீளமான வால் இரண்டாகப் பிளந்திருக்கும். இறகில் தண்ணீர் ஒட்டாமல் காக்கும் எண்ணெய்ப் பசை போதாது, காலும் சின்னது. அதனால் கடலையே நம்பிப் பிழைக்கும் இந்தப் பறவையால் கடலில் உட்கார முடியாது. மேலாக நீந்தும் மீனைப் பறந்தபடியே கொத்தும். இல்லையென்றால் ஆலாவைத் துரத்தித் துரத்தி, விழுங்கியதைக் கக்க வைத்து, அது தண்ணீரில் விழுமுன் பிடித்துவிடும். பறந்துகொண்டே தூங்கவும் செய்யும். பார்த்தவுடன் வகை சொல்ல அவசரப்படாதீர்கள். சிறியது, பெரியது, கிறிஸ்துமஸ் தீவில் மட்டும் கூடு கட்டுவது என்று மூன்று வகை இந்தியக் கடல்களில் பதிவாகியிருக்கின்றன. அடிவயிற்றிலும் அக்குளிலும் வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. வளர்ந்த பெரிய வகை ஆண் என்றால் அடிப்பக்கம் முழுக்கக் கருப்பு. சிறிய வகை ஆணுக்கு அக்குளில் வெள்ளைத் தீற்று இருக்கும். இளம் பறவைகள் தேர்ந்தவர்களையே திணறடிக்கும். அடிப்பக்கம் தெரிகிற ஒரு படம் எடுத்துவிட்டால் போதும், மற்றதை வீட்டுக்கு வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஆலாக்களிலும் ஆழ்கடல் ஆட்கள் உண்டு. ராமர் பாலத்து மணல் திட்டுகளில் கோடையில் ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. திட்டுகளில் பல இலங்கை எல்லைக்குள் இருந்தாலும் பறவைக்கு ஏது எல்லை? தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் கொண்டை ஆலாக்கள் நூறு உட்கார்ந்திருந்தால், நூறையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதுகு கருத்த ஒன்று நடுவில் இருக்கலாம். நெற்றியின் வெள்ளை மெல்லிய கோடாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது பிரைடில்டு ஆலா. முதுகும் கரும்பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை அகலமாக இருந்து கண்ணோடு நின்று, முதுகு மைக்கருப்பாக இருந்தால் சூட்டி ஆலா. உடம்பெல்லாம் பழுப்பாக, உச்சந்தலை மட்டும் வெளுத்திருந்தால் நாடி (noddy) என்கிற ஆலா வகை.

மண்டபம் பக்கத்துச் சேற்றுப் பரப்புகளில் வேறு கதை. உள்ளான், மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்லை, கரைப்பறவை) எல்லாம் வடக்கே போய்விட்டன என்று நினைப்போம். அவற்றில் பிறந்து ஒரு வருடம்கூட ஆகாதவை பல போவதில்லை. இனப்பெருக்கத்துக்கு வயது வராதபோது அவ்வளவு தூரம் பறந்து என்ன ஆகப்போகிறது? சாம்பல் நிறத்திலேயே இங்கேயே கோடையைக் கழித்துவிடும். நண்டுதின்னியும் அப்படித்தான். கருப்பும் வெள்ளையுமாக, தடித்த அலகோடு நிற்கும் அந்தப் பறவை அரபிக் கரைகளில் மணலைக் குடைந்து வளைக்குள் ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். அதே மாதங்களில் மன்னார் வளைகுடாவில் உள்ள மனோலித் தீவுப் பக்கம் அதைப் பார்த்தால், அது கூடு கட்டப் போகாமல் தங்கிவிட்ட பறவை. தீவில் இறங்கத் தடை இருக்கிறது; 1986 முதல் அது தேசியப் பூங்கா. கரையில் ஸ்கோப்பை நட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூநாரைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 2025 ஜூனில் தனுஷ்கோடியை அவற்றுக்கான சரணாலயமாக அரசு அறிவித்தது, நல்ல காரியம். எனக்கு அதே மணலில் ஓடும் சின்னப் பறவை ஒன்றைப் பற்றித்தான் பேச ஆசை. கெண்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினம் என்று 1915இல் பெயர் வைத்து ஓரமாக விட்டிருந்தார்கள். 2023இல் வந்த ஆய்வு, மரபணுவையும் உடல் அளவையும் பார்த்துவிட்டு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது தனி இனம் என்றது. இரு கரைக்கும் பாலம் போட்டவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்: அனுமன் உப்புக்கொத்தி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷோடு கலந்து நிற்கும்போது பிரித்துச் சொல்வது பாடு. கோடையில் குட்டையாக, பெரும்பாலும் அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கருங்கோடு இல்லாமல், ஜோடியாக ஓடினால் நம்ம ஊர்க்காரர்தான்.

அதன் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். கிளிஞ்சல் துண்டுகளுக்கு நடுவே மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள். ஓர் அடி தள்ளி நின்றாலும் தெரியாது. உச்சி வெயிலில் இந்த வகைப் பறவைகள் தண்ணீருக்கு ஓடி வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும், சூடு தணிக்க. நாம் பக்கத்தில் நிற்கும்வரை அது திரும்பி வராது. அந்தக் கொஞ்ச நேரத்தில் முட்டை வெந்துவிடும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. வண்டியை மணலுக்குள் இறக்கி வட்டம் அடிக்கிறவர்களை நான் என்ன சொல்ல? அதைவிட எரிச்சல், கூட்டைப் படம் எடுத்து இடத்தையும் குறித்துப் போடுகிற நம்மவர்கள். ஓர் உப்புக்கொத்தி சிறகு ஒடிந்ததுபோல உங்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போனால், வந்த வழியே பின்வாங்குங்கள்.

சரி, எப்போது போவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகள் போகும், திரும்பி வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஜூனுக்கு அப்புறம், கச்சான் இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்த மறுநாள் காலை போங்கள். விடிந்ததும் வெயில் முதுகில் விழ மேற்கே, தென்மேற்கே பாருங்கள். லென்ஸைத் துடைக்கத் துணி வேண்டும், மணல் உப்போடு வந்து ஒட்டும். பார்த்த நேரம், இடம், காற்றின் திசை மூன்றையும் குறித்துவிட்டு பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் (eBird) ஏற்றுங்கள். ஒன்றும் தென்படாத நாளையும் ஏற்றுங்கள், வெறும் காகம் என்றாலும் பரவாயில்லை. கைபேசியில் ஃபிரிகேட் மாதிரி ஏதாவது வைத்திருப்பவர்கள் இப்போதே முன்னால் வாருங்கள், பெரிய திரையில் போட்டு வயிற்றைப் பார்ப்போம்.