லைப்ரரி பொறுப்பு டீச்சருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது?

(பள்ளி நூலகர்களும் நூலகப் பொறுப்பு ஆசிரியர்களும் கூடின ஒரு கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை லீவை விட்டுட்டு வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இந்த ஹால்ல ரெண்டு வகை ஆளுங்க இருக்கோம். பி.லிப், எம்.லிப்னு நூலகப் படிப்பு முடிச்சு லைப்ரரியன் போஸ்ட்லயே இருக்கிறவங்க கொஞ்சம் பேர். மீதிப் பேர் தமிழம்மா, சயின்ஸ் டீச்சர், பி.டி. சார், அதாவது ஒரு நாள் ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டு "இனிமே லைப்ரரியை நீங்க பாத்துக்கங்க"ன்னு சாவியைக் கொடுத்ததால இங்க வந்து உக்காந்திருக்கிறவங்க. படிச்சு வந்தவங்களுக்குக் காலேஜ்ல புத்தகத்துக்குப் பட்டியல் போடுற கேட்டலாகிங் சொல்லிக் கொடுத்தாங்க, பாடவாரியா பிரிக்கிற கிளாசிஃபிகேஷன் சொல்லிக் கொடுத்தாங்க, ஆனா எட்டு வயசுப் பிள்ளை முன்னாடி வந்து நின்னா எந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுறதுன்னு பெருசா யாரும் சொல்லித் தரல. சாவி வாங்கினவங்களுக்கு ரெண்டுமே சொல்லித் தரல. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரெய்னிங்னு கூப்பிட்டு, காலையில இருந்து சாயங்காலம் வரை ப்ரொஜெக்டர்ல ஸ்லைடு ஓட்டி, அட்டென்டன்ஸ் ஷீட்ல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடறாங்க. அந்த ஒரு நாளை நம்பி இந்த வேலையைக் கத்துக்க முடியாதுங்க. இதை எங்க பேசினாலும் சொல்லுவேன், இங்கயும் சொல்றேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல ஒரு அட்டவணை இருக்கு, எடுத்துப் படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு ஸ்கூல்லயும் லைப்ரரி இருக்கணும், பேப்பர், பத்திரிகை, எல்லாப் பாடத்துக்கும் புத்தகம், கதைப்புத்தகமும் சேர்த்து இருக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. அதே அட்டவணையில எத்தனை டீச்சர் வேணும், ஓவியத்துக்கு யாரு, உடற்கல்விக்கு யாருன்னு வருது. லைப்ரரியன்ங்கிற பேச்சே கிடையாது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில டீச்சருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சின்னு கணக்குப் போட்டுட்டாங்க, நூலகப் பணியாளருக்கு தொடர் பயிற்சி உருவாக்கணும்னு ஒரு வரி இருக்கு, எத்தனை மணி நேரம்னு எதுவும் இல்ல. மத்திய அரசோட பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுல ஸ்கூல் எத்தனாவது வரைக்கும் இருக்குங்கிறதைப் பொறுத்து 5000-ல இருந்து 20,000 ரூபாய் வரைக்கும் வருஷத்துக்கு நூலக மானியம்னு வெச்சிருக்காங்க. புத்தகம் வாங்கக் காசு இருக்கு, அந்தப் புத்தகத்தைப் பிள்ளை கையில சேர்க்கிற ஆளை வளர்க்கத்தான் யாரும் யோசிக்கல.

இத்தனைக்கும் நூலகருக்குப் பயிற்சி கொடுக்கிறது நம்ம ஊர்லயே அப்பவே நடந்த விஷயம். இந்திய நூலகவியலோட தந்தைன்னு சொல்றோமே, சீர்காழியில பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், அவர் அடிப்படையில கணக்கு வாத்தியார். 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனப்போ அவருக்கு லைப்ரரி ட்ரெய்னிங்னு ஒண்ணுமே கிடையாது, இன்னிக்கு நம்மள்ல பாதிப் பேர் மாதிரிதான். போரடிக்குது, திரும்ப கிளாஸுக்கே போறேன்னு நின்னவர். லண்டனுக்கு அனுப்பினாங்க, அங்க அவர் பாடம் படிச்சதோட நிக்காம ஊர் ஊரா லைப்ரரி லைப்ரரியா ஏறி இறங்கி, அங்க வேலை செய்றவங்க எப்படிச் செய்றாங்கன்னு பார்த்தாரு. அதுக்கப்புறம்தான் அவருக்கு இந்த வேலை மேல பிடிப்பே வந்துச்சு. ஊருக்கு வந்து 1928-ல மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன், 1929-ல கோடை லீவுல நூலகப் பயிற்சி வகுப்பு. நூலகம் எப்படி நடக்கணும்னு அவர் வகுத்த அஞ்சு விதிகளை முதல்முதலா வெளிய சொன்னது 1928 டிசம்பர்ல, அண்ணாமலை நகர்ல, ஒரு கல்வி மாநாட்டுல. கேட்டுக்கிட்டு இருந்தவங்க வாத்தியாருங்க! புத்தகமா வந்தது 1931-ல. இதை நெனச்சா எனக்கு ரொம்ப சந்தோஷமாவும் இருக்கு, நாம அதை விட்டுட்டோமேன்னு வருத்தமாவும் இருக்கு.

சரி, இப்ப நமக்கு என்ன பயிற்சி வேணும்னு கேட்டா, என் பதில் ரொம்ப சிம்பிள். மொதல்ல நாம சிறுவர் புத்தகம் படிக்கணும். நம்ம ரேக்ல இருக்கிற புத்தகத்தையே நாம படிச்சிருக்க மாட்டோம். அக்செஷன் நம்பர்னு வரிசை எண் போட்டோம், சீல் குத்தினோம், முதுகுப் பக்கம் லேபிள் ஒட்டினோம், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. சமையல் பண்றவங்க ருசி பார்க்காம பரிமாறுற கதைதான். வாரத்துக்கு ரெண்டு மூணு புத்தகம் போதும், படப்புத்தகம்னா பத்து நிமிஷம்கூட ஆகாது. படிச்சதும் ஒரு நோட்டுல நாலு வரி எழுதுங்க, எந்தக் கிளாஸ் பிள்ளைக்கு, எந்த மாதிரிப் பிள்ளைக்கு, சத்தமா வாசிக்க நல்லா இருக்குமா, படம் எப்படி. ஒரு வருஷம் கழிச்சுப் பாருங்க, அந்த நோட்டு எந்தக் கேட்டலாக்கும் தராததைத் தரும். புத்தகம் பத்தலைன்னா ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட்ல தமிழ்ல ஏராளமா ஃப்ரீயா கிடக்கு, படிக்கிற திறனுக்கு ஏத்த மாதிரி லெவல் பிரிச்சு வெச்சிருக்காங்க. நம்ம ஸ்டேட்ல வாசிப்பு இயக்கத்துல வந்த நுழை, நட, ஓடு, பறன்னு நாலு நிலைப் புத்தக வரிசையும் பல ஸ்கூல்ல பீரோவுக்குள்ள இருக்கு, எடுத்து வெளிய வைங்க.

லெவல்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, இதைக் கொஞ்சம் விரிவா சொல்லிடறேன், ஏன்னா இந்த மாதிரி நுணுக்கம்தான் ட்ரெய்னிங்ல வரவே மாட்டேங்குது. ஏழாங்கிளாஸ் பையன், வரி கூட்டிக் கூட்டித்தான் படிப்பான். லைப்ரரி பீரியட்ல கிரிக்கெட் பத்தின தடியான புத்தகம் ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டு பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருப்பான், படிக்கிற மாதிரி. அவனுக்கு ஏத்த புத்தகம்னு ரெண்டாங்கிளாஸ் படப்புத்தகத்தை எல்லார் முன்னாடியும் கொடுத்தீங்கன்னா அவ்ளோதான், அவன் அதுக்கப்புறம் லைப்ரரி பக்கம் வர மாட்டான். அவன்கிட்ட, "தம்பி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை கதை வாசிச்சுக் காட்ட ஆள் வேணும், நீ வரியா"ன்னு கேட்கணும். இப்ப அதே படப்புத்தகம் அவனுக்கு வேலையா மாறிடுது, கௌரவமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான், நாலு தடவை படிச்சுப் பழகுறான், வெள்ளிக்கிழமை அந்தப் பொடிசுங்க நடுவுல உக்காந்து வாசிக்கிறப்போ அவன் குரலைக் கேட்கணும் நீங்க. இதை எனக்கு எந்த சிலபஸும் சொல்லித் தரல, வேற ஸ்கூல் அக்கா ஒருத்தங்க டீ குடிக்கிறப்போ சொன்னாங்க.

சத்தமா வாசிச்சுக் காட்டுறதும் கத்துக்க வேண்டிய கைவேலைதான். புத்தகத்தை நம்ம மூஞ்சிக்கு நேரா பிடிச்சா பிள்ளைக்குப் படம் தெரியாது, தோள் பக்கமா சாய்ச்சுப் பிடிக்கணும், பக்கத்தை மெதுவா திருப்பணும், படத்தைப் பார்க்க நேரம் கொடுக்கணும். முடிஞ்சதும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க"ன்னு கேட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. கதை அங்கயே செத்துப் போயிடும். சும்மா மூடி வைங்க, பிள்ளைங்களே பேச ஆரம்பிக்கும்.

அடுத்தது பயம். பீரோ ஏன் பூட்டிக் கிடக்குன்னா, தொலைஞ்சா நம்ம சம்பளத்துல பிடிப்பாங்கன்னு பயம். நியாயமான பயம்தான், நானும் அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017-ல 215-வது விதியைப் பாருங்க. ஒரு வருஷத்துல வெளிய கொடுத்தது, உள்ளயே எடுத்துப் படிச்சது எல்லாம் சேர்த்து ஆயிரம் புத்தகத்துக்கு அஞ்சு புத்தகம் தொலைஞ்சா அதை நியாயமான இழப்பா எடுத்துக்கலாம்னு இருக்கு, நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமா இல்லாத வரைக்கும். 1000 ரூபாய்க்கு மேல விலை உள்ள புத்தகமோ அரிய புத்தகமோ போனா கட்டாயம் விசாரிக்கணும். இப்ப கணக்குப் போடுங்க, 300 பிள்ளைங்க, வாரம் ஒரு புத்தகம், வருஷத்துல 30 வாரம்னு வெச்சாலே 9000 இஷ்யூ, அப்ப 45 புத்தகம் வரைக்கும் ஏத்துக்கிறாங்க. பூட்டி வெச்சீங்கன்னா இஷ்யூ சைபர், தொலைஞ்சா ஒண்ணுக்கும் பதில் சொல்ல முடியாது. அது மத்திய அரசு விதி, ஸ்டேட் ஸ்கூலுக்கும் ப்ரைவேட் ஸ்கூலுக்கும் தனித்தனி ஆர்டர் இருக்கும், அதைத் தேடி எடுத்து ஹெச்.எம். டேபிள்ல வெச்சு, இஷ்யூ ரிஜிஸ்டரையும் பக்கத்துல வெச்சுப் பேசுங்க. உள்ள படிக்கிறதையும் எழுதி வைங்க, அதுவும் கணக்குல வரும். புத்தக இருப்பைச் சரிபார்க்கிற ஸ்டாக் வெரிஃபிகேஷன் ட்ரெய்னிங்னா மொதல்ல இதைத்தான் சொல்லிக் கொடுக்கணும்.

புத்தகத்தைப் பாடவாரியா பிரிக்கிற டியூவி நம்பர், லைப்ரரிக் கணக்கு வைக்கிற கோஹா, இ-கிரந்தாலயா சாஃப்ட்வேர் இதெல்லாம் வேணாம்னு சொல்லல. கோஹா ஃப்ரீ சாஃப்ட்வேர், கத்துக்கிட்டா நல்லதுதான். ஆனா ரெண்டாயிரம் புத்தகம் இருக்கிற நடுநிலைப் பள்ளியில தமிழ் இலக்கியத்துக்கான டியூவி நம்பர் 894.811-க்கு அப்புறம் எத்தனை புள்ளி வைக்கிறதுன்னு அரை நாள் பேச வேணாம். கலர் ஸ்டிக்கர் ஒட்டுங்க, பிள்ளையே எடுத்து பிள்ளையே திரும்ப வைக்கும்.

இதையெல்லாம் தொடர்ச்சியா சொல்லித் தர்ற படிப்பு நம்ம நாட்டுல இல்லாம இல்ல. டாட்டா டிரஸ்ட்ஸோட பராக் அமைப்பு லைப்ரரி எஜுகேட்டர்ஸ் கோர்ஸ்னு மாசக்கணக்குல நடத்துறாங்க, கொஞ்ச நாள் நேர்ல, மீதி நாள் நம்ம லைப்ரரியிலயே செஞ்சு பார்த்து எழுதி அனுப்பணும். ஹிந்தியிலயும் இங்கிலீஷ்லயும் நடக்குது. அதே மாதிரி தமிழ்ல ஒரு கோர்ஸ் நமக்கு வேணும்னு துறைக்கு மனு கொடுக்கணும், வாசல்ல டேபிள் போட்டு மனு வெச்சிருக்கோம், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

ஆனா அது வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேணாம். ஒரு ஸ்கூல்ல இருபது டீச்சர் இருப்பாங்க, கணக்கு டீச்சருக்கு சந்தேகம்னா பக்கத்து சீட்ல இன்னொரு கணக்கு டீச்சர் இருப்பாங்க, லைப்ரரிக்குப் பொறுப்பு ஒரே ஒரு ஆள். நமக்குக் கேட்க ஆளே இல்ல. அதனால ஒன்றியத்துக்கு ஒரு குழு, பத்துப் பதினைஞ்சு பேர், மாசம் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற வேற ஸ்கூலோட லைப்ரரியிலயே கூடணும், கல்யாண மண்டபத்துல வேணாம். அந்த ரேக், அந்த வெளிச்சம், அந்த ரிஜிஸ்டர் எல்லாத்தையும் பார்க்கணும்ல. ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டு வரணும், மூணு நிமிஷம் பேசணும், ஒருத்தர் மத்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், அப்புறம் "என் ஸ்கூல்ல இப்படி ஒரு பிள்ளை, இதுக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்"னு ஆளுக்கு ஒரு கேள்வி. இந்த நாளை டியூட்டியாவே கணக்கு வைக்கிற ஓ.டி. கொடுக்கச் சொல்லி அந்த மனுவுலயே ரெண்டாவது கோரிக்கையா எழுதியிருக்கோம்.

முதல் கூட்டம் அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. இடம் கொடுக்கிறேன்னு சொல்ற ஸ்கூல் இருந்தா இப்பவே கை தூக்குங்க, எழுதிக்கிறோம். லைப்ரரி சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, பாய் விரிச்சு உக்காந்துக்கலாம்.