வெல்டிங் வைத்த பின்கதவு

எல்லோருக்கும் வணக்கம். சிகாகோ என்றதும் நமக்கு 1893-ல் விவேகானந்தர் பேசிய மேடைதான் நினைவுக்கு வரும். அந்த மாநாடு ஓர் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்தது. கண்காட்சி முடிய இரண்டே நாள் இருந்தபோது, அக்டோபர் 28 அன்று, ஊர் மேயர் கார்ட்டர் ஹாரிசன் தம் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் ரவுடி இல்லை. மாநகராட்சியின் தலைமை வக்கீல் பதவி தனக்குத்தான் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்ட ஓர் இளைஞன். மேயரைப் பார்க்க வேண்டும் என்றான், உள்ளே விட்டார்கள். யார் வந்தாலும் பார்ப்பவர் ஹாரிசன். அவருடைய அரசியலே அதுதான்.

அதனால், பதவியில் இருப்பவருக்குத் துப்பாக்கிக் காவல் எதற்கு என்று கேட்கிற கட்சியில் நான் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் பிடித்துக்கொள்வீர்கள்.

நான் பேச வந்தது அதே ஊரின் இன்னொரு மேயரைப் பற்றி. ஜேன் பைர்ன், சிகாகோவின் முதல் பெண் மேயர். 1979-ல் பனிப்புயலில் ஊர் ஸ்தம்பித்த கோபத்தில் மக்கள் பழைய மேயரைத் தூக்கிப் போட்டுவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள். அங்கே கப்ரினி-கிரீன் என்று ஒரு குடியிருப்பு. நம்மூர் ஹவுசிங் போர்டு மாதிரி அரசு கட்டியது, ஆனால் அன்றைக்கு மாடிகள் வானம் தொட்டன. பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். பணக்காரர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 1981-ல் முதல் மூன்று மாதத்திலேயே 37 துப்பாக்கிச் சூடுகள், 11 கொலைகள்.

மேயர் என்ன செய்தார் தெரியுமா? நானே அங்கே குடிபோகிறேன் என்றார். மார்ச் 31 அன்று ராத்திரி, கணவரோடு நாலாவது மாடி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். நம்மில் எத்தனை பேர் போவோம்?

ஆனால் அந்த வீட்டின் பின்கதவைக் கொஞ்சம் பாருங்கள். அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரே வாசல் இருந்தால் மெய்க்காவலர்களுக்குக் காவல் காப்பது சுலபம் அல்லவா. கட்டடத்தைச் சுற்றி போலீஸ், அவர்களுக்குப் போட்டியாக நிருபர்கள். முதல் ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ரொம்ப அமைதியாக இருந்தது என்றாராம். இருக்காதா பின்னே!

விளம்பரம் என்று திட்டினார்கள். ஈஸ்டருக்கு அவர் அங்கே நடத்திய விழாவிலேயே எதிர்ப்புக் குரல் கேட்டது. விளம்பரம்தான், சந்தேகமில்லை. எனக்கு உறுத்துவது அது இல்லை. அவர் இருந்த நாட்களில் அங்கே துப்பாக்கிச் சத்தம் குறைந்தது. அப்படியென்றால், காவலுக்கு ஆள் போட்டால் குறையும் என்பது மாநகராட்சிக்கே தெரிந்துவிட்டது. அங்கே வாடகை கட்டிக்கொண்டிருந்த அம்மாக்கள் வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத காவல், மேயரின் பெட்டி படுக்கையோடு சேர்ந்து வந்தது. மூன்று வாரம் போல ஆனது. மேயர் கிளம்பினார், அந்தப் பெட்டி படுக்கையோடு அதுவும் கிளம்பிவிட்டது. 1983-ல் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே அவர் தோற்றார். ஜெயித்தவர் ஹரால்ட் வாஷிங்டன், ஊரின் முதல் கறுப்பின மேயர்.

அப்புறம் 1992. அக்டோபர் மாதம், காலை நேரம், ஏழு வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு பள்ளிக்கூடம் போகிறான். பள்ளி எங்கோ இல்லை, அதே குடியிருப்பை ஒட்டித்தான். எதிர்க் கும்பலைக் குறிவைத்து மாடி ஜன்னலிலிருந்து எவனோ சுட்டான், பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்தார்.

செய்தி நாடெங்கும் போனது. அதற்குப் பிறகுதான் போலீஸ் படை மறுபடியும் கப்ரினி-கிரீனுக்குள் வந்தது, மாடி மாடியாக ஏறி வீடுகளைச் சோதனை போட்டது.