பிச்சாவரம் போனால் சேற்றைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரிக்காரர்கள் காடு பார்க்கக் கிளம்பினால் ஏற்காடு, ஜவ்வாது மலை என்றுதான் பேச்சு ஓடும். கடலூரைத் தாண்டி சிதம்பரம் போய், அங்கிருந்து கிள்ளை வழியாக 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம், உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு. அங்கே போகிறவர்களும் மோட்டார் படகில் ஒரு சுற்று, நாலு செல்ஃபி, அப்புறம் மீன் வறுவல் என்று முடித்துக்கொள்கிறார்கள். வறுவலைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த மோட்டார் சத்தத்துக்கு ஒரு கொக்குகூட நிற்காது.

துடுப்புப் படகு கேளுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் காடு. கிளை பின்னிக் கிடக்கும் சின்ன ஓடைகளுக்குள் நுழைய அதுதான் சரி. காலையில், தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாகப் போங்கள். எல்லோரும் மேலே மரத்தையே பார்ப்பார்கள், நீங்கள் கீழே சேற்றைப் பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் ஆண் நண்டு, பெண் நண்டை அழைக்க அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும். மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து, தன் மார்புத் துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் நகரும், படகு நெருங்கினால் துள்ளி ஓடும். வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கும், அடியில் காற்று கிடைக்காததால் மூச்சுக்காக. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். தில்லை மரத்தைக் கண்டால் கிளையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் பெரிய வேதனை.

இந்தக் காட்டையும் முன்பு பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் மண் அமுங்கி, ஏறி வந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி உப்பேறி, ஒன்றும் முளைக்காமல் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். கடல்நீர் வந்து போக வழி கிடைத்தது, கன்றுகளும் பிழைத்தன. 2004 சுனாமியில் திறந்த மணல்கரையில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் ஊர் அழிந்தது; காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2022இல் இந்தக் காட்டை ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் ஊர்க்காரர்களுக்கு அதற்கு 18 வருஷம் முன்பே இதன் அருமை தெரிந்துவிட்டது.

எப்போது போகலாம்? உள்ளான் போன்ற வலசைப் பறவைகள் வரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் பக்கம் புயலும் வரும், எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. தை பிறந்ததும் கிளம்புங்கள், மழை ஓய்ந்திருக்கும், பறவைகளும் இருக்கும். தொப்பியும் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம், நடு ஓடையில் டீக்கடை கிடையாது.